ராக் குழுவில் யார் போனால் குழுவே போய்விடும்?

கம்பியும்தோலும் எழுதியது:

ஒரு ராக் குழுவின் வெற்றிக்கு யார் முக்கியம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் பாடகர் என்பார்கள், சற்று யோசிப்பவர்கள் லீட் கிட்டார் என்பார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. மேடையில் யார் அதிகம் கண்ணில் படுகிறார் என்பதை வைத்து முக்கியத்துவத்தை அளப்பதைவிட, ஒருவர் விலகிய பின்னரோ இறந்த பின்னரோ அந்தக் குழுவுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

1980ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். மற்றவர்கள் பிரையன் ஜான்சனைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டு ஜூலை மாதமே ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். உலகில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்தார். எஞ்சிய மூவரும் டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டுக் குழுவையே கலைத்துவிட்டார்கள். பாடகரை இழந்த குழு ஐந்தே மாதத்தில் எழுந்து நின்றது, டிரம்மரை இழந்த குழு அத்தோடு முடிந்தது. 1975இல் பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸ் குழுவை விட்டுப் போனபோதும் வெளியிலிருந்து ஒரு பாடகரைக் கொண்டுவரவில்லை. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் பாடத் தொடங்கினார், குழு முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது.

ஆகவே என் வரிசையில் டிரம்மருக்குத்தான் முதலிடம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

அளவுகோல் நல்லதுதான், ஆனால் அதில் அளப்பதற்கு உங்களுக்குச் சாதகமானவற்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். தி ஹூ குழுவின் கீத் மூன் 1978 செப்டம்பரில் இறந்தார். அவரைப் போல டிரம்ஸை நொறுக்கியவர் அன்று வேறு எவரும் இல்லை. ஆனாலும் கென்னி ஜோன்ஸைச் சேர்த்துக்கொண்டு அந்தக் குழு 1981இலும் 1982இலும் ஆல்பங்களை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். அவருடைய இடத்தில் ஸ்டீவ் ஜோர்டனை அமர்த்தி அடுத்த மாதமே சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வாசித்தவருக்கே இதுதான் நிலைமை.

நீங்கள் சொன்ன ஏசி/டிசியையே பாருங்கள். அங்கே பாடகர் மட்டும் மாறவில்லை, டிரம்மரும் மாறினார். ஃபில் ரட் 1983இல் போய் 1994இல் திரும்பினார், இடையில் இருவர் வாசித்தார்கள். அத்தனை மாற்றத்துக்கும் நடுவில் மாறாமல் இருந்தவர்கள் யங் சகோதரர்கள் இருவர். அவர்களில் பள்ளிச் சீருடை அணிந்து மேடை முழுவதும் துள்ளுகிற ஆங்கஸைத்தான் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மால்கம் பின்னால் ஆம்ப்ளிஃபையர்களை ஒட்டி நின்று, தாளக்கட்டைத் தாங்கும் ரிதம் கிட்டார் வாசிப்பார், பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கோரஸ் பகுதியின்போது மட்டும் முன்னால் வந்து மைக்கில் பாடிவிட்டு மறுபடியும் தம் இடத்துக்கே போய்விடுவார். ஆனால் பாட்டு எப்படி இருக்க வேண்டும், எதை வாசிக்கவே கூடாது என்று தீர்மானித்ததில் பெரும்பங்கு அவருடையது. பாட்டு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் குழுவின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. கருவி எதுவாகவும் இருக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் வெற்றிப் பாடல்களை ஏறக்குறைய முழுவதும் எழுதியவர் ஜான் ஃபோகர்ட்டி. மற்றவர்களுக்கு அது மனக்குறை. 1972இல் வந்த கடைசி ஆல்பத்தில், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசிப்பவரும் டிரம்மரும் ஆளுக்குச் சில பாடல்களை எழுதிப் பாடினார்கள். அந்த ஆல்பம் கடுமையான விமரிசனத்துக்கு உள்ளானது, அதே ஆண்டு குழுவும் கலைந்தது.

தாழ்சுருதி எழுதியது:

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன், ஆகவே என் பேச்சில் கொஞ்சம் சொந்த வருத்தமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டை எழுதியவர்தான் முக்கியம் என்று நண்பர் சொல்வதை ஏற்பதற்கு முன்னால், எழுதுவது என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய வழக்கப்படி மெட்டும் வரிகளும் மட்டும்தான் பாட்டு. பேஸ் நடை, டிரம்ஸ் அடி, நடுவில் வரும் கிட்டார் துணுக்கு இவையெல்லாம் வாசிப்பு என்ற கணக்கில் போய்விடும். போலீஸ் குழுவின் 1983ஆம் ஆண்டு வெற்றிப் பாடலான ‘எவ்ரி பிரெத் யூ டேக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். பாடலாசிரியர் என்ற இடத்தில் பாடகர் ஸ்டிங் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டை யாரிடமாவது நினைவுபடுத்த வேண்டுமானால் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த கிட்டார் பகுதியைத்தான் நாம் வாயால் வாசித்துக் காட்டுகிறோம்.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. புரோகோல் ஹாரம் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடலான ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ அதன் ஆர்கன் இசைக்காகவே நினைவில் நிற்கிறது. அதை வாசித்த மாத்யூ ஃபிஷர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அவரை இணை ஆசிரியர் என்று ஏற்று நாற்பது சதவீதப் பங்கு தந்தது, மேல்முறையீட்டில் ராயல்டி உரிமை பறிபோயிற்று, 2009இல், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மீட்டுக் கொடுத்தது. தி ஸ்மித்ஸ் குழுவின் வழக்கு இன்னும் கசப்பானது. ஒலிப்பதிவு, நிகழ்ச்சி ஆகியவற்றின் வருமானத்தில் பாடகரும் கிட்டார் வாசிப்பவரும் ஆளுக்கு நாற்பது சதவீதம் எடுத்துக்கொண்டு டிரம்மருக்கும் பேஸ் வாசிப்பவருக்கும் பத்துப் பத்து சதவீதம் கொடுத்து வந்தார்கள். டிரம்மர் மைக் ஜாய்ஸ் வழக்காடி 1996இல் தமக்குரிய கால் பங்கை வென்றார். அதற்குள் குழு கலைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் பிழைத்தார்கள். ஆர்.ஈ.எம். குழுவில் பாட்டு யாரிடமிருந்து வந்தாலும் நால்வர் பெயரும் சேர்ந்தே போடப்பட்டது. குயின் குழு இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1975இல் ‘போஹீமியன் ராப்சடி’ தனித் தட்டாக வந்தபோது அதன் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய கார் பாட்டு இருந்தது. தட்டை வாங்கியவர்கள் எல்லோரும் முன்பக்கத்துக்காகத்தான் வாங்கினார்கள். ஆனால் தட்டு விற்க விற்க, மறுபக்கப் பாட்டை எழுதியவருக்கும், முன்பக்கப் பாட்டை எழுதிய பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்குச் சமமான தொகை போய்ச் சேர்ந்தது. அந்தக் குழுவில் நால்வரும் வெற்றிப் பாடல்களை எழுதியவர்கள் என்பதால் எவர் பாட்டு எந்தப் பக்கம் என்பதே ஓயாத பூசலாகி, 1989ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து எல்லாப் பாடல்களையும் குழுவின் பெயரிலேயே போட்டார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு பதிவைக் கலவை செய்யும்போது, விளையாட்டாக என் பேஸ் தடத்தை மட்டும் சத்தமில்லாமல் மூடிவிட்டு மற்றவர்களைக் கேட்கச் சொன்னேன். ஒருவரும் பேஸ் இல்லை என்று சொல்லவில்லை. பாடகர் தம் குரல் மெலிந்திருக்கிறது என்றார், கிட்டார் வாசிப்பவர் தம் ஆம்ப்ளிஃபையரில் ஏதோ கோளாறு என்று குனிந்து திருகுகளைத் திருகிக்கொண்டிருந்தார். திறந்துவிட்டதும் இருவரும் இப்போது சரியாகிவிட்டது என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கரகரத்தகுரல் எழுதியது:

இத்தனை பேர் பேசியும் பாடகருக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே. டிரம்மர் மாறினால் நன்றாக வாசிக்கும் இன்னொருவரைத் தேடுகிறார்கள், பாடகர் மாறினால் அதே குரலைத் தேடுகிறார்கள். ஜர்னி குழுவின் கிட்டார் கலைஞர் நீல் ஷான் 2007இல் யூடியூபில் தேடித் தேடி, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஆர்னெல் பினெடாவைக் கண்டுபிடித்தார். பழைய பாடகர் ஸ்டீவ் பெரியின் குரலை அவர் குரல் அவ்வளவு ஒத்திருந்ததுதான் காரணம். கேட்பவர்கள் எதை இழக்க மறுக்கிறார்கள் என்பதை அந்தத் தேடலே காட்டிவிடுகிறது.

தி டோர்ஸ் குழுவையும் பாருங்கள். ‘லைட் மை ஃபயர்’ பாடலைப் பெரும்பாலும் எழுதியவர் கிட்டார் வாசித்த ராபி கிரீகர்தான். மேடையில் பேஸ் கிட்டாருக்கு ஆளே இல்லாமல், ரே மன்சாரெக் இடது கையால் கீபோர்டிலேயே அதையும் வாசித்துவிடுவார். அவ்வளவு திறமை இருந்தும், 1971 ஜூலையில் ஜிம் மாரிசன் இறந்த பிறகு வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள் எடுபடாமல், 1973இல் குழுவே கலைந்தது. எழுதத் தெரிந்தவரும் இருந்தார், வாசிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

டோர்ஸ் பற்றிய மறுப்பு வலுவானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இறந்தவரின் குரலுக்கு மாற்றுத் தேடாமல் போனவர்களும் இருக்கிறார்கள். 1980 மே மாதம் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்ததும் ஜாய் டிவிஷன் குழுவின் மற்ற மூவரும் அந்தப் பெயரையே கைவிட்டு நியூ ஆர்டர் என்று புதிதாகத் தொடங்கினார்கள். கிட்டார் வாசித்தவர் பாடகரானார். 1983இல் அவர்கள் வெளியிட்ட ‘புளூ மண்டே’ பழைய குழு எட்டாத உயரத்தை எட்டியது. பழைய பெயரில் பாடியிருந்தால் ஒவ்வொரு மேடையிலும் கர்ட்டிஸோடு ஒப்பிட்டே அவர்களை முடித்திருப்பார்கள்.

பின்வரிசை எழுதியது:

இந்த விவாத இழையைத் தொடங்கியவர் டிரம்மருக்கு முதலிடம் தந்திருக்கிறார். டிரம்மரான நானே அதை மறுக்க வேண்டியிருப்பது சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது. முதலிடம் என்பதைவிட, எங்கள் வேலை வெளியில் தெரியாத விதத்தில் மற்றவர்களின் வேலையோடு பின்னிக்கிடக்கிறது என்பதே சரி.

எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்திருந்தபோது, என்னைவிடப் பல மடங்கு தேர்ந்த ஒருவர் எனக்குப் பதிலாக ஒத்திகையில் வாசித்தார். பதிவைக் கேட்டேன். ஒரு அடிகூடப் பிசகவில்லை, வேகத்தைக் காட்டும் கருவியின் கிளிக் ஓசையோடு மயிரிழை மாறாமல் போகிறது. ஆனால் கோரஸுக்குள் நுழையும்போதெல்லாம் பாடகி திணறுகிறார், கடைசிச் சொல்லைப் பாதியிலேயே விழுங்குகிறார். மூன்று முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. அந்த இடத்தில் நான் ஸ்நேர் என்ற சிறிய டிரம்மின் அடியைச் சற்றே தாமதித்துப் போடுவது வழக்கம். நான் திட்டமிட்டுச் செய்தது அன்று, என் கை அப்படி. அந்தக் கண நேர இடைவெளியில்தான் அவர் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பீட்டில்ஸ் குழு டிரம்மர் பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது 1962 ஆகஸ்டில். பிறவியில் இடக்கையரான ரிங்கோ வலக்கையருக்கான டிரம்ஸில் வாசித்ததால், அவருடைய உருட்டல்கள் வேறு எவர் கைக்கும் வராத ஒரு வளைவோடு இருக்கும். ஆனால் அடுத்த மாதமே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஆண்டி ஒயிட் என்ற கூலிக் கலைஞரை வாசிக்க வைத்து, ரிங்கோவின் கையில் டேம்பரீன் என்ற கைத்தாளக் கருவியைக் கொடுத்தார். முதல் ஆல்பத்தில் ‘லவ் மீ டூ’ பாடலில் ஒலிப்பது ஒயிட்டின் வாசிப்புதான். அன்று மார்ட்டினிடம் யார் முக்கியம் என்று கேட்டிருந்தால் ரிங்கோவின் பெயர் வந்திருக்காது. ஓராளின் அருமை தெரிய எத்தனை பாடல்கள் கழிய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

விவாதம் சுவையாகத்தான் போகிறது. ஆனால் இழையைத் தொடங்கியவர் இவ்வளவு தீவிரமாக வரிசைப்படுத்தச் சொல்வதைப் பார்த்தால், வெறும் ஆர்வத்தில் கேட்டதாகத் தோன்றவில்லையே?

கம்பியும்தோலும் எழுதியது:

சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் ஓர் ஐந்து பேர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் பாடகர் சென்ற வாரம் விலகிவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை, வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார். பாடல்களை எல்லாம் அவரும் கிட்டார் வாசிப்பவரும் சேர்ந்தே எழுதினார்கள். அவர் இல்லாமல் தொடர்வதில் பொருளில்லை, மரியாதையாக மூடிவிடலாம் என்று கிட்டார் வாசிப்பவர் சொல்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் சான்றுகளைத் திரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாதகமானவற்றை மட்டும் எடுத்தேன் என்று நண்பர் முதலிலேயே பிடித்ததும் உண்மைதான்.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஃபிளீட்வுட் மாக்கிலிருந்தே தொடங்கியிருப்பேன். 1967இல் அந்தக் குழுவைத் தொடங்கியவர் கிட்டார் மேதை பீட்டர் கிரீன். பெயரை மட்டும் டிரம்மர் மிக் ஃபிளீட்வுட், பேஸ் வாசித்த ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயர்களிலிருந்து எடுத்து வைத்தார். கடைசியில் அந்தப் பெயரே பலித்தது. கிரீன் போனார், அவருக்குப் பின் வந்த கிட்டார் கலைஞர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு முறையும் குழுவின் இசையே வேறாக மாறியது, மாறாமல் நின்றது அந்த டிரம்ஸும் பேஸும்தான். 1974இன் இறுதியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் ஃபிளீட்வுட்டுக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அதில் கிட்டார் வாசித்த லிண்ட்சி பக்கிங்ஹாமை அவர் அழைக்க, தம்மோடு பாடும் ஸ்டீவி நிக்ஸும் சேர்ந்து வந்தால்தான் வருவேன் என்று பக்கிங்ஹாம் சொல்லிவிட்டார். 1977இல் வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பம் உலகெங்கும் நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்றது.

அந்த ஆல்பத்தின் பாடல்களை ஏறக்குறைய முழுவதும் எழுதியவர்கள் நிக்ஸ், பக்கிங்ஹாம், கிறிஸ்டின் மெக்வீ மூவர். அவர்கள் இல்லாமல் அது இல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவு நடந்துகொண்டிருந்தபோது குழுவில் இருந்த இரண்டு இணைகளும் பிரிந்துகொண்டிருந்தன, ஃபிளீட்வுட்டின் திருமணமும் உடைந்துகொண்டிருந்தது. பாட்டு எழுதுவதில் பெரிய பங்கு எதுவும் இல்லாத அவர்தான் அப்போது குழுவின் நிர்வாகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எவரையும் கலைந்து போக விடாமல் பார்த்துக்கொண்டார். நான் மேலே பாட்டு வரும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது என்று எழுதினேன். இந்தக் குழுவை வைத்துப் பார்த்தால் அந்த வரியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டு வந்து சேரும்வரை கடையைத் திறந்து வைத்திருக்க ஒருவர் வேண்டும்.

பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்களும் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட். அவருடைய தோற்றம் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று 1963இல் புதிய மேலாளர் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார். அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வண்டி ஓட்டினார், கருவிகளை ஏற்றி இறக்கினார், தேவைப்பட்ட பாடல்களுக்குப் பியானோ வாசித்தார், 1985இல் இறக்கும்வரை அவர்களோடேயே இருந்தார்.

தாழ்சுருதி எழுதியது:

ஃபிளீட்வுட் மாக் கதை ஆறுதலாக இருக்கிறது, ஆனால் போகிற இடத்தில் பக்கிங்ஹாம் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டு எவரும் குழு நடத்த முடியாது. இழையைத் தொடங்கியவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். பாடகர் வரிகளை எழுதினாரா, மெட்டைப் போட்டாரா? ஒத்திகைக்கு எல்லோரையும் அழைத்து நேரம் குறித்துக்கொண்டிருந்தவர் யார்? இரண்டாவது கேள்விக்கும் அவர் பெயர்தான் விடை என்றால் கிட்டார் நண்பர் சொல்வது நியாயம்.

பின்வரிசை எழுதியது:

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். மற்ற நால்வரும் வேறு ஆள் தேடவில்லை. இடது கை அடிக்க வேண்டியவற்றை இடது காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் மின்னணு டிரம்ஸை அவருக்காகவே அமைத்தார்கள். அடுத்த ஆல்பமான ‘ஹிஸ்டீரியா’ 1987இல்தான் வந்தது, அதுவே அவர்களுடைய மிகப் பெரிய வெற்றி. தொழில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் எவரும் அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

கம்பியும்தோலும் எழுதியது:

விடைகள் இவை. பாடகர் வரிகளை மட்டும்தான் எழுதினார், மெட்டுகள் கிட்டார் வாசிப்பவருடையவை. ஒத்திகைக்கு எல்லோருக்கும் செய்தி அனுப்புவது எங்கள் பேஸ் வாசிப்பவர், இதைப் படித்த பிறகுதான் அதை நானே கவனித்தேன்.

நேற்று நால்வரும் கூடினோம். ஜெனிசிஸ் கதையைச் சொல்லி டிரம்மரைப் பாட வைத்தேன். முதல் பாட்டு தேறவில்லை. அவருடைய மைக்கில் குரலைவிட ஹை-ஹேட் என்ற இரட்டைத் தாளத்தட்டின் ஓசைதான் அதிகம் விழுந்தது, உச்ச இடத்துக்குக் குரலும் எட்டவில்லை. இரண்டு அரைச்சுரம் இறக்கி மறுபடியும் வாசித்தோம். இறக்கியதும் கிட்டாரில் திறந்த கம்பிகளில் வாசித்தவற்றை எல்லாம் வேறு இடத்தில் பிடிக்க வேண்டியதாயிற்று, ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, கொஞ்சம் கனத்துவிட்டது. அது கெடுதலாகத் தெரியவில்லை. வரிகளை மறந்த இடங்களில் டிரம்மர் வாய்க்கு வந்ததைப் பாடினார், அவற்றில் ஒரு வரி பழையதைவிட நன்றாகவே இருந்தது.

கிட்டார் வாசிப்பவர் கடைசிவரை மூடிவிடலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பிகளைத் துடைத்துக் கிட்டாரைப் பெட்டியில் வைத்த பிறகு, அடுத்த வாரம் ஏழு மணிக்குப் பதில் ஆறு மணிக்கே வர முடியுமா என்று பேஸ் வாசிப்பவரிடம் கேட்டுவிட்டுப் போனார்.